அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஒரு பூந்தோட்டம்

சிங்கப்பூருக்குச் சபர் சென்று திரும்புவோரிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சாங்கி விமான நிலையத்தின் பளபளப்பு, தேக்காவின் கடைத்தெரு, வானை முட்டும் கட்டடங்கள், குப்பை காணாத வீதிகள் என்று வரிசையாக வருணிப்பார்கள். அங்குள்ள எளிய குடும்பங்கள் தங்கள் வாசலில் என்ன செடி வளர்க்கிறார்கள் என்று கேட்டால் சற்றே தயங்குவார்கள். சுற்றுலாப் பயணி பார்க்கும் சிங்கப்பூர் வேறு. மின்தூக்கியில் ஏறி ஒன்பதாம் மாடியில் இறங்கினால் தென்படும் சிங்கப்பூர் வேறு. அந்த ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்துக்குத்தான் இப்போது உங்களை அழைத்துச் செல்கிறோம்.

அங்கே, கதவுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே உள்ள சில அடி அகலத்தில், ஒரு வீட்டார் ஆர்க்கிட் மலர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அடுத்த வீட்டில் பெரணி தழைத்திருக்கும். அதற்கடுத்த வாசலில் மல்லிகையும் கறிவேப்பிலையும் நிற்கும். சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லாத மக்கள் இத்தனை பசுமையை எவ்வாறு வளர்க்கிறார்கள்? அந்தப் பசுமை பக்கத்து வீட்டாருக்கு இன்பமாவது எப்போது, இடையூறாவது எப்போது? சென்னையிலும் நம் கடற்கரை ஊர்களிலும் அடுக்குமாடி வீடுகள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்விரு கேள்விகளும் நமக்கும் உரியவை.

நிலம் குறைவு, மழை நிறைவு

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர். அதற்குள் வாழ்வோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் வாழ்ந்த மக்கள், அது கட்டிய அடுக்குமாடிகளுக்குப் படிப்படியாகக் குடிபெயர்ந்தனர். இன்று அந்நாட்டு மக்களுள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இத்தகைய வீடுகளில்தான் வசிக்கிறார்கள். வீடு கிடைத்தது, முற்றமும் கொல்லைப்புறமும் போயின. மண்ணில் கால் பதித்து வாழ்ந்த தலைமுறை, மாடியேறியபோது ஒன்றிரண்டு தொட்டிகளையும் உடன் எடுத்துச் சென்றது. அவ்வாறு தோன்றியவையே இத்தாழ்வாரத் தோட்டங்கள்.

நிலம் சுருங்கிய அந்த ஊருக்கு வானம் தாராளமாகவே வழங்கியிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு 1 பாகைக்குச் சற்றே வடக்கில் அமைந்த தீவு அது. கோடை, குளிர் என்ற பருவ மாற்றம் அங்கு இல்லை. பகலில் 31, 32 பாகை செல்சியஸ். இரவில் 24, 25 பாகை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சிங்கப்பூரிலோ 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை, ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. காற்றில் எந்நேரமும் ஈரம் உண்டு. சில செடிகளுக்கு இந்த ஈரம் ஒரு வரப்பிரசாதம். வேறு சிலவற்றுக்கு அதுவே நோய். எந்தச் செடிக்கு எது என்று அறிவதுதான் தோட்டக்கலையின் முதற்பாடம்.

சாலை மரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

அப்பாடத்தைக் கற்க நூலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. சாலையோர மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். சிங்கப்பூர்ச் சாலைகளின் இருபுறமும் குடை விரித்தாற்போல நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை நம் ஊர்ச் சாலைகளிலும் கண்டிருப்பீர்கள். ஆனால் அங்குள்ள மரங்களின் கிளைகளில் நாம் இங்கு அரிதாகவே காணும் காட்சி ஒன்று உண்டு. பெரிய பச்சைக் கூடைகளைக் கவிழ்க்காமல் வைத்தது போல் பெரணிச் செடிகள் கிளைகளின் மேல் அமர்ந்திருக்கும். இதனைப் பறவைக்கூட்டுப் பெரணி என்பர்.

இது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. மரத்தை இருக்கையாக மட்டுமே கொள்கிறது. அகன்ற இலைகள் வட்டமாக விரிந்து கிண்ணம் போல் அமைய, மேலிருந்து உதிரும் சருகுகள் அதனுள் விழுந்து மக்குகின்றன. அதுவே செடிக்கு எரு. மழைநீரே பானம். இவ்வாறு மண்ணைத் தொடாமல் காற்றிலும் மழையிலும் வாழும் செடிகள் வெப்பமண்டலக் காடுகளில் ஏராளம். மான்கொம்பு போலக் கிளைத்துத் தொங்கும் மான்கொம்புப் பெரணியும், ஆர்க்கிட் இனங்களுள் பெரும்பாலானவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அதே மரங்களில் வெண்ணிறப் புறா ஆர்க்கிட் என்ற செடியும் படர்ந்திருக்கும். பல வாரங்கள் பூவின்றி இருக்கும். ஒருநாள் பெருமழை பெய்து வெப்பம் திடீரெனக் குறையும். அதிலிருந்து ஒன்பதாம் நாள், ஊரிலுள்ள அச்செடிகள் யாவும் ஒரே நாளில் பூக்கும், நறுமணம் பரப்பும், மறுநாள் வாடிவிடும். நாள் குறித்துக் கொடுத்தவர் யார் என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா?

மாடி வீட்டாருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நிலமின்றி மரத்தின் மேல் வாழப் படைக்கப்பட்ட செடிகளே, நிலமின்றி மாடியில் வாழும் மனிதருக்கு ஏற்ற துணை. ஆழமான மண் கேட்கும் செடியை ஒரு சாண் தொட்டியில் திணித்து வருந்துவதைக் காட்டிலும், கரித்துண்டுகளின் மேல் மகிழ்ந்து வாழும் ஆர்க்கிடை வளர்ப்பது எளிது.

தஞ்சோங் பகாரில் பூத்த மலர்

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து வாசகர்களுக்குத் தஞ்சோங் பகார் என்ற பெயர் அந்நியமானதன்று. துறைமுகத்தை அடுத்த அப்பகுதியில் அவர்களின் முன்னோர் பலர் குடியேறி உழைத்தனர். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் அங்கு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். சீறாப்புராணம் தந்த புலவரின் பெயர், இன்றும் சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்து நிற்கிறது.

அப்பள்ளி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அதே தஞ்சோங் பகாரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் உலகப் புகழ்பெற்ற மலரொன்று பூத்தது. அத்தோட்டத்துக்குரியவர் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி. கல்லூரியில் தாவரவியல் பயின்றவர் அல்லர். வீட்டில் செடி வளர்ப்பதில் பேரார்வம் கொண்டவர். இருவேறு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து அவர் உருவாக்கிய செடி பூத்ததும், அதனைச் சிங்கப்பூர்ப் பூமலையின் தலைவர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி 1893ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதி, அப்பெண்மணியின் பெயரையே சூட்டினார். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற அம்மலர், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இதழ்களும் நடுவே மஞ்சள் கலந்த செம்மையும் கொண்டது. 1899இல் நடைபெற்ற மலர்க் கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஆக்னஸ் காலமானார்.

1981ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு அம்மலரைத் தேசிய மலராக அறிவித்தது. எனினும் அவர் அதனைத் தம் முயற்சியால் உருவாக்கினாரா, தோட்டத்தில் தானாக முளைத்ததைக் கண்டெடுத்தாரா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. ரிட்லி எழுதியது தெளிவாக இருந்தும், ஒரு வீட்டுப் பெண்மணிக்கு இது இயலுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். 2016இல்தான் அதனை உருவாக்கியவர் அவரே என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஹில் சாலையில் 1835இல் எழுப்பப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்தின் வளாகத்தில் அவருடைய கல்லறைக் கல்லை நீங்கள் காணலாம்.

வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்குத்தானே என்று நம் இல்லத்துப் பெண்களின் கைவேலையை எளிதாக எண்ணிவிடுகிறோம். ஒரு நாட்டின் அடையாளமே அத்தகைய கைவேலையிலிருந்து பிறந்தது என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

பூமலையில் ஒரு காலை

பூமலை என்பது சிங்கப்பூர்த் தமிழர் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு வழங்கும் பெயர். 1859இல் தொடங்கப்பட்ட அப்பூங்கா, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதிகாலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு சென்றால், வெயில் ஏறுமுன் நிதானமாக நடந்துவிட்டு வரலாம்.

உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்கு மட்டும் கட்டணம் உண்டு. 1995இல் திறக்கப்பட்ட அங்கே, நெல்சன் மண்டேலா போன்ற தலைவர்களின் பெயர் தாங்கிய ஆர்க்கிட் வகைகள் உள்ளன. நாட்டுக்கு வரும் விருந்தினரின் பெயரைப் புதிய மலருக்குச் சூட்டுவது 1950களிலிருந்து அங்கு தொடரும் வழக்கம். அம்மலர்களின் பின்னே பெரும் உழைப்பு இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசியைவிட நுண்ணியது. முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் உதவியால்தான் அது முளைக்கிறது. 1928ஆம் ஆண்டில் பூமலையின் இயக்குநர் ஹோல்டம், கண்ணாடிக் குடுவைக்குள் ஊட்டச்சத்துக் கூழில் விதைகளை முளைக்கவைத்துப் புதிய கலப்பினங்களை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். விதைத்த நாளிலிருந்து முதல் பூவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அப்பூங்காவிலேயே குளிரூட்டப்பட்ட கூடமொன்றும் உண்டு. மலைப்பிரதேசத்து ஆர்க்கிடுகள் அங்கு வாழ்கின்றன. 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்திலும் பெரிய கண்ணாடிக் கூடங்களுக்குள் குளிர்நாட்டுச் செடிகளை வளர்க்கிறார்கள். கண்ணுக்கு விருந்துதான், ஆயினும் அக்கூடங்களைக் குளிரூட்ட எந்நேரமும் இயந்திரங்கள் இயங்க வேண்டும். குளிர்நாட்டுச் செடியின் மீது ஆசைகொண்டு கடையில் வாங்கும் குடும்பங்கள், அது சில வாரங்களில் அழுகிப்போவதைக் கண்டு தங்கள் கையில் ராசியில்லை என்று நொந்துகொள்கின்றன. கையில் குறையில்லை, அந்தச் செடிக்கு அந்த ஊரின் இரவு ஒத்துவரவில்லை.

எந்த வாசலுக்கு எந்தச் செடி?

செடி வாங்கும் முன் உங்கள் வாசல் எத்திசை நோக்கியது என்று பாருங்கள். கிழக்கு வாசலில் இதமான காலை வெயில் கிடைக்கும். பெரும்பாலான ஆர்க்கிடுகளுக்கு அது உகந்தது. மேற்கு வாசலின் பிற்பகல் வெயில் கடுமையானது. சிங்கப்பூரில் வடக்கு, தெற்கு வாசல்களுக்கு ஒரு விந்தை உண்டு. சூரியன் ஆண்டில் பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் சாய்வதால், ஜூன் மாதத்தை ஒட்டி வடக்கு வாசலுக்கும் டிசம்பர் மாதத்தை ஒட்டித் தெற்கு வாசலுக்கும் காலையிலும் மாலையிலும் வெயில் எட்டும். ஆறு மாதம் செழித்த செடி திடீரென இலை கருகினால் நோய் என்று அஞ்ச வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும்.

தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். ஊன்றுகோலைப் பற்றி ஏறி, அதன் உச்சியைத் தாண்டி வளர்ந்த பிறகே தாராளமாகப் பூக்கும். ஆகவே நிழல் விழும் தாழ்வாரத்துக்கு அது ஏற்றதன்று. சீனப் புத்தாண்டையொட்டிக் கடைகளில் குவியும் பலனாப்சிஸ் ஆர்க்கிட் கண்ணைக் கவரும். ஆனால் மறுபடி பூங்குலை விட அதற்குச் சற்றுக் குளிர்ந்த சூழல் தேவைப்படுவதால், அடுத்த ஆண்டு பூக்காமல் ஏமாற்றக்கூடும். தொடக்கநிலையினருக்கு ஏற்றது டென்ட்ரோபியம் கலப்பினமே. அரைநாள் வெயிலில் ஆண்டில் பலமுறை பூக்கும்; பூக்கள் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்.

ஆர்க்கிடை மண்ணில் நடக்கூடாது. பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளையும் உடைந்த செங்கல்லையும் இட்டு, அதன் மேல் செடியை அசையாமல் கட்டிவையுங்கள். வேர்களைக் கவனித்து வாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி போல் வெளுத்திருக்கும். நீர் பட்டதும் பச்சையாகும். வெளுத்தால் நீர் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். காலையில் நீர் ஊற்றுவதே நன்று; இரவு முழுவதும் ஈரம் தங்கினால் குருத்து அழுகும். உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும்.

பெரணிக்கு நேர் வெயில் ஆகாது. வெளிச்சமுள்ள நிழல் வேண்டும். பறவைக்கூட்டுப் பெரணி எளிதில் சாகாது. மான்கொம்புப் பெரணியை மரப்பலகையில் கட்டிச் சுவரில் மாட்டலாம். அதன் அடியில் கேடயம் போல் ஒட்டியிருக்கும் இலைகள் பழுத்துக் காய்வது இயல்பு. அவற்றைப் பிய்த்தெறிந்தால் செடியின் பிடிமானமே போய்விடும். மெல்லிய கருநிறக் காம்பில் சிற்றிலைகள் தளதளக்கும் மெய்டன்ஹேர் பெரணி மிகவும் நுட்பமானது. அதன் மண் ஒருநாள் காய்ந்தாலும் இலைகள் கருகும். உயர்ந்த மாடிகளின் பலத்த காற்றும், குளிர்சாதனக் கருவி வெளியே கக்கும் வெப்பமும் அதற்குப் பகை. காற்றடங்கிய மூலையே அதற்கு உரிய இடம்.

பெரணி வளர்ப்போர் அடிக்கடி அஞ்சுவது ஒன்று உண்டு. இலையின் அடிப்புறத்தில் வரிசை வரிசையாகப் பழுப்புக் கோடுகளோ புள்ளிகளோ தோன்றும். பூச்சி என்று எண்ணிச் சுரண்டிவிடுவார்கள். பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. அப்பழுப்புத் தூள்தான் அதன் சந்ததி. அதை அப்படியே விட்டால், எங்கோ ஈரமான செங்கல் இடுக்கில் ஒரு குஞ்சுப் பெரணி முளைத்திருப்பதை ஒருநாள் காண்பீர்கள்.

மழை மிகுந்த ஊரில் காகிதப்பூ இலையாகவே தழைத்துப் பூக்காமல் நிற்பதுண்டு. அதற்கு நீரைக் குறைத்து வெயிலைக் கூட்டினால் பூக்கும். சிங்கப்பூரின் நடைமேம்பாலங்களில் காகிதப்பூ கொழிப்பதன் இரகசியம் இதுதான்: முழு வெயிலும், வேர் பரவ இடமில்லாத குறுகிய தொட்டியும்.

தாழ்வாரம் யாருடையது?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தாழ்வாரம் உங்கள் வாசலுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் அது உங்களுக்கு மட்டும் உரியதன்று. தாழ்வாரங்களில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் தீப்பாதுகாப்பு விதி. தீ மூண்டால் மக்கள் தப்பி ஓட வேண்டும். நோயாளியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் முதியவர் இடிபடாமல் கடக்க வேண்டும். ஒரு வீட்டில் மவுத் நேர்ந்தால் சந்தூக்கைச் சுமந்து செல்வோருக்கும் அதே வழிதான். இரண்டு வரிசைத் தொட்டிகள் மூன்றாகப் பெருகும்போது இவையெல்லாம் நம் நினைவுக்கு வருவதில்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த இடையூறு அழகிய பூந்தொட்டியின் வடிவிலும் இருக்கலாம்.

கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது அதைவிடக் கொடியது. ஒன்பதாம் மாடியிலிருந்து விழும் ஒரு சிறு தொட்டி, கீழே நடந்து செல்பவரின் உயிரைப் பறிக்கப் போதுமானது. தொங்கவிடும் கூடைகளின் கம்பியும் கொக்கியும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மேல்மாடியில் ஊற்றும் நீர், கீழ்மாடியில் மூங்கில் கழியில் காயும் துணிகளின் மேல் சொட்டினால் அங்கே ஒரு சண்டை முளைக்கும். செடியை இறக்கி வைத்து நீர் ஊற்றி, வடிந்த பின் மாட்டுவது சில நிமிட வேலைதான்.

இவற்றைக் கவனித்து நடக்கும் தாழ்வாரங்களில் செடிகள் மனிதரை இணைக்கின்றன. மலாய்க் குடும்பத்தின் வாசலில் ரம்பை இலையும் செராய்ப் புல்லும் இருக்கும். சீனக் குடும்பத்தின் வாசலில் புத்தாண்டுக்கு வாங்கிய குட்டி ஆரஞ்சு மரம். தமிழ்க் குடும்பத்தின் வாசலில் கறிவேப்பிலை. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு ஒரு கட்டு ரம்பை கைமாறும். ஆர்க்கிட் கன்று பிரித்து நடும்போது ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போகும். தனியே வாழும் முதியவரின் செடிகள் இரண்டு நாள் நீரின்றி வாடினால், அண்டை வீட்டார் கதவைத் தட்டி நலம் விசாரிக்க அதுவே காரணமாகும். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் கீழ், இன்று குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. வாசலில் இடம் போதாதவர்கள், கீழே இறங்கி மற்றவர்களுடன் சேர்ந்து மண்ணில் நடுகிறார்கள்.

ஒரு தட்டு நீர்

பூந்தொட்டியால் அண்டை வீட்டாருக்கு நேரக்கூடிய மிகப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதுவே. சாக்கடையைத் தேடி அது போவதில்லை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் உள்ள தெளிந்த நீரையே நாடுகிறது. ஒரு நாணயத்தின் அளவு நீர் போதும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். இத்தனைக்கும் அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனையிட்டு, கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கும் நாடு அது. நம் தமிழகமும் 2017இல் டெங்குவின் கொடுமையைக் கண்டது.

தட்டு நீரைக் கொட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை; மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கின்றன. ஆகவே தட்டை உட்புறமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாமல் வைக்க முடியுமானால் மிகவும் நன்று. தொட்டியின் மேல்மண் இறுகிப்போனால் அதன் மேலும் நீர் தேங்கும், கிளறிவிடுங்கள். கூடத்தில் கண்ணாடிக் குப்பியில் மணிபிளான்ட் வைத்திருந்தால், இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி வேரையும் அலசுங்கள். இலைக்கணுவில் கிண்ணம் போல் நீரைத் தேக்கும் பிரமிலியாட் வகைகளைக் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பதே உத்தமம். வெளியூர் செல்லும் முன் கதவைப் பூட்டுவது எவ்வளவு அவசியமோ, தட்டுகளைக் கவிழ்த்து வைப்பதும் அவ்வளவு அவசியம்.

கொசு எல்லை பார்த்துப் பறப்பதில்லை. உங்கள் தட்டில் பிறந்தது, பக்கத்து வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தையைக் கடிக்கலாம். பூ வளர்ப்பவர் எவரும் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆனால் கவனக்குறைவின் விலையை வேறொருவர் செலுத்த நேர்கிறது.

நம் ஊருக்கு எடுத்து வரலாமா?

சிங்கப்பூரில் கண்ட ஆர்க்கிடைப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரலாமா என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். ஒரு நாட்டின் செடி நோய்களும் பூச்சிகளும் மறு நாட்டுக்குப் பரவாதிருக்க, இறக்குமதி அனுமதியும் செடிநலச் சான்றிதழும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. அத்துடன் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக உடன்படிக்கையின் கீழ் வருகிறது. நம் நாட்டு நாற்றுப்பண்ணைகளிலேயே டென்ட்ரோபியம் கிடைக்கும்போது இந்த இடர் எதற்கு?

எடுத்து வரவேண்டியது செடியையன்று, முறையை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் காற்றில் ஈரமுண்டு. ஆனால் கோடை வெயில் கொடியது, நிலத்தடி நீரில் உப்பும் மிகுதி. ஆர்க்கிடுக்கும் பெரணிக்கும் உப்புநீர் ஆகாது. மழைநீரைச் சேமித்து, கொசு புகாதபடி மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். சித்திரை, வைகாசியில் நிழல்வலை கட்டி, காலையிலும் மாலையிலும் நீரைப் புகைபோல் தெளியுங்கள். பழைய கிணற்றின் உட்சுவரில், செங்கல் இடுக்கில், யாரும் நடாமல் முளைத்து நிற்கும் மெல்லிய பெரணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர்க் கடைகளில் காசு கொடுத்து வாங்கும் மெய்டன்ஹேர் பெரணியின் உறவினர்தான் அது. அதற்குப் பிடித்த இடம் எது என்பதைக் கிணறே காட்டிக் கொடுக்கிறது: நிழல், ஈரம், காற்றடக்கம்.

ஆகவே, நாற்றுப்பண்ணைக்குச் செல்லும் முன் ஒருநாள் உங்கள் வாசலில் நின்று பாருங்கள். வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது? தொட்டி வைத்த பின் இருவர் ஒருவரையொருவர் கடக்க இடமிருக்குமா? சொட்டும் நீர் யார் வீட்டில் விழும்? ஊருக்குச் சென்றால் நீர் ஊற்ற யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள்? இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகு ஒரே ஒரு டென்ட்ரோபியமும் ஒரே ஒரு பெரணியும் வாங்கி வாருங்கள். முதல் பூங்குலை மலரும் நாளில், கடைசிக் கேள்விக்கு விடையாக வந்த அந்த அண்டை வீட்டாரையும் அழைத்துக் காட்டுங்கள்.